விண்கலக் கருவிகளும் கல்லூரி ஆய்வுக்கூடங்களும்

திருச்செந்தூரிலிருந்து மணப்பாட்டுக்குச் செல்லும் வழியில் குலசேகரன்பட்டினம் இருப்பதை நாம் யாவரும் அறிவோம். தசராத் திருவிழாவினால் பெயர் பெற்ற அவ்வூருக்கு 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இன்னொரு பெயரும் வந்து சேர்ந்தது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்திற்கு அன்று அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. நம் கரையைத் தேர்ந்தெடுத்த காரணம் எளியது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் புறப்படும் ராக்கெட் நேரே தெற்கு நோக்கிப் போக முடியாது. வழியில் இலங்கை இருக்கிறது. ஆதலால் முதலில் தென்கிழக்கே சென்று பிறகு தெற்கே வளைகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் வேண்டும். பெரிய ராக்கெட் அந்தச் செலவைத் தாங்கும், எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ராக்கெட்டுக்கு அது பெருஞ்சுமை. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கிலோ திறந்த கடல்தான்.

ராக்கெட்டைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. அதன் உச்சியில் உட்கார்ந்து போவது எது என்று கேட்போர் குறைவு. ராக்கெட் ஒரு வண்டி. சில நிமிடங்களில் அதன் வேலை முடிந்துவிடும். மேலே தங்கி மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் உழைப்பது அது சுமந்து சென்ற கருவியே. அக்கருவிகளில் சில பெரிய அரசு ஆய்வுக்கூடங்களில் அல்ல, கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் செய்யப்படுகின்றன. மாணவர்களையும் ஆசிரியர்களையும் வைத்துக்கொண்டு இத்தகைய வேலையை எப்படி நடத்துகிறார்கள் என்பதே இங்கு நமது பாடம்.

விண்வெளியும் மீனவர் குடியிருப்பும் சந்தித்தது இது முதல் முறை அன்று. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் புனித மரிய மகதலேனா ஆலயத்தையும் அதைச் சூழ்ந்த நிலத்தையும், டாக்டர் விக்ரம் சாராபாயின் வேண்டுகோளுக்கு இணங்கி, ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவும் அவ்வூர் மீனவ மக்களும் விட்டுக்கொடுத்தனர். ஆலயமே அலுவலகமும் ஆய்வுக்கூடமும் ஆயிற்று. ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளில் வந்தன. 1963 நவம்பர் 21-ஆம் நாள் முதல் ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. ராக்கெட் அமெரிக்காவினுடையது, அது சுமந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சினுடையது, கரையும் ஆலயமும் உழைத்த இளைஞரும் நம்முடையவை. அந்த ஆலயம் பிற்காலத்தில் விண்வெளி அருங்காட்சியகம் ஆயிற்று.

கல்லூரி செய்த கருவி என்றதும் அற்பமானது என்று எண்ணிவிடக் கூடாது. 1958 ஜனவரி 31-இல் அமெரிக்கா அனுப்பிய முதல் செயற்கைக்கோளான எக்ஸ்புளோரர்-1 சுமந்த முக்கியக் கருவி அயோவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வான் ஆலனின் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. அதைக் கட்டியவர் அவருடைய ஆராய்ச்சி மாணவர் ஜார்ஜ் லட்விக். அண்டக் கதிர்களை எண்ணும் கைகர் எண்ணி அது. வான்கார்டு என்னும் ராக்கெட்டுக்காகத் தொடங்கிய வேலை; ஆயினும் அந்த ராக்கெட் தாமதமாகலாம் என்று வான் ஆலன் முன்கூட்டியே கருதி, மற்றொரு ராக்கெட்டிலும் பொருந்துமாறு கருவியின் அளவை வைத்துக்கொண்டார். அவர் நினைத்தபடியே ஆயிற்று. வாய்ப்பு மற்ற ராக்கெட்டுக்குப் போனது. லட்விக் கருவியையும் குடும்பத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டார். பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையங்கள் அக்கருவியால்தான் அறியப்பட்டன. நிர்வாகம் என்றால் கோப்பும் கையெழுத்தும் என்று நாம் நினைக்கிறோம். வான் ஆலன் செய்ததும் நிர்வாகமே. நம் கருத்தில் அதுவே முதன்மையான நிர்வாகம்.

நம் மாநிலத்துக்கு வருவோம். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அனுசாட். சென்னை அண்ணா பல்கலைக்கழகம், குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. வளாகத்தில், இஸ்ரோவின் மேற்பார்வையில் இதைச் செய்தது. எடை 40 கிலோ. 2009 ஏப்ரல் 20-ஆம் நாள் பி.எஸ்.எல்.வி.-சி12 ராக்கெட்டில், ரிசாட்-2 என்னும் 300 கிலோ செயற்கைக்கோளுக்குத் துணைப் பயணியாகச் சென்றது. ஓரிடத்தில் பெற்ற செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு, சுற்றிவந்து மற்றோர் இடத்தின் மேலே வரும்போது இறக்கிக் கொடுப்பது இதன் வேலை. ஏறக்குறைய ஒரு தபால்காரரின் வேலை. 2012 ஏப்ரலில் அதன் வாழ்வு முடிந்தது.

அதற்குப் பின் பலர் வந்தனர். 2011 அக்டோபர் 12-இல் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் எஸ்.ஆர்.எம்.சாட், காற்றிலுள்ள கரியமில வாயுவையும் நீராவியையும் அளக்கும் நிறமாலைக் கருவியுடன் சென்றது. 2016 ஜூன் 22-இல் சென்னை சத்தியபாமா பல்கலைக்கழகத்தின் ஒன்றரைக் கிலோ செயற்கைக்கோள். நமக்கு அடுத்த கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே குமாரகோவிலில் உள்ள நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியுசாட், 15 கிலோ எடையில், பயிர் நிலையையும் இயற்கைச் சீற்றங்களையும் படம் பிடிக்க 2017 ஜூன் 23-இல் புறப்பட்டது. அன்று அந்த ராக்கெட்டில் உடன் சென்ற 30 சிறு செயற்கைக்கோள்களில் 29 அயல்நாட்டவை. இந்தியாவினுடையது இது ஒன்றே.

இனி வேலை நடக்கும் விதத்தைக் கவனிப்போம். விண்கலக் கருவி செய்யும் கல்லூரி, பணம் என்ற ஒரே பையை மட்டும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது. எடை, மின்சாரம், காலம் என்று இன்னும் மூன்று பைகள் உண்டு. எடுத்துக்காட்டாக, 15 கிலோ அனுமதி கிடைத்தது என்று கொள்வோம். விவேகமுள்ள திட்டத் தலைவர் மூன்று கிலோவைத் தனியே முடிந்து வைத்துக்கொண்டு, பன்னிரண்டு கிலோவைத்தான் குழுக்களுக்குப் பங்கிடுவார். காமிராக் குழுவினர் ஒரு நாள் வந்து, 200 கிராம் கூடக் கொடுங்கள் என்பர். மின்கலக் குழுவினர் 150 கிராம் கேட்பர். ஒவ்வொரு வேண்டுகோளும் நியாயமாகவே இருக்கும், அதுதான் தொல்லை. திருகாணிகள், பெயின்ட், ஒரு பெட்டியையும் மற்றொரு பெட்டியையும் இணைக்கும் கம்பிகள் ஆகியவற்றின் எடையை முதலில் யாரும் நினைப்பதில்லை. முடிந்து வைத்த மூன்று கிலோ இவற்றுக்கே பெரும்பாலும் கரைந்து போகும்.

மின்சாரக் கணக்கை நம் மாணவியரே போட்டுப் பார்க்கலாம். 500 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் பூமியை ஒரு முறை சுற்றச் சுமார் 95 நிமிடங்கள் ஆகும். அதில் ஏறத்தாழ 35 நிமிடங்கள் பூமியின் நிழலில் கழியும். வெயில் கிடைப்பது 60 நிமிடங்களே. கருவி இடைவிடாது 4 வாட் எடுக்கிறது என்றால், 95 நிமிடத் தேவையை 60 நிமிடத்தில் சம்பாதிக்க வேண்டும். 4-ஐ 95-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 6.3 வாட் வருகிறது. மின்கலத்தில் ஏற்றி இறக்கும்போது ஏற்படும் நஷ்டத்தையும் சேர்த்தால் 7 வாட்டுக்கும் மேல். இதற்குப் பிறகுதான் வானொலிக்கு வேண்டிய மின்சாரம். பணம் இருந்தாலும் மேலே போய் வாங்க முடியாத பொருள் இது.

காலம் என்னும் பை கல்லூரிகளுக்கு மிகவும் ஓட்டையான பை. ராக்கெட் தன் பெரிய பயணிக்காகப் புறப்படுகிறது. சிறு பயணிக்காகக் காத்திராது. கல்லூரியிலோ நவம்பரிலும் ஏப்ரலிலும் தேர்வு. அவ்வாரங்களில் ஆய்வுக்கூடம் வெறிச்சோடிவிடும். விடுமுறையில் விடுதி மூடப்படும். பன்னிரண்டு மாதம் என்று அட்டவணையில் எழுதினால் உண்மையில் எட்டு மாதமே கையில் இருக்கும். இதைக் கணக்கில் கொள்ளாத அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைப்பதும் ஒட்டாமல் இருப்பதும் ஒன்றே.

அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. பொறியியல் படிப்பு நான்கு ஆண்டு. முதலாண்டில் மாணவருக்கு ஒன்றும் தெரியாது. கற்றுத் தேர்ந்து கைக்கு உதவும் நேரத்தில் பட்டம் பெற்றுப் போய்விடுகிறார். கருவி செய்யும் பணி ஐந்து, ஆறு, ஏழு ஆண்டுகள் நீளுவது வழக்கம். ஆகவே கருவியைத் தொடங்கியவர் ஒருவர், முடிப்பவர் ஒருவர், அது அனுப்பும் செய்தியைப் படிப்பவர் மூன்றாமவர். இதற்குச் சிறந்த சான்று, நியூ ஹொரைசன்ஸ் என்னும் விண்கலத்தில் உள்ள தூசி எண்ணி. கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள், அனுபவமுள்ள பொறியாளர்களின் மேற்பார்வையில், இதைச் செய்தார்கள். 2006 ஜனவரி 19-இல் புறப்பட்ட விண்கலம் புளூட்டோவைக் கடந்தது 2015 ஜூலை 14-இல். இடையில் ஒன்பதரை ஆண்டுகள்! கருவியைச் செய்த மாணவர்கள் வேலைக்குப் போய், குடும்பமும் ஆகியிருப்பர். தூசியை எண்ணும் பொறுப்பு அடுத்தடுத்த மாணவர்களின் கைக்கு மாறி வந்தது. 1930-இல் புளூட்டோ என்ற பெயரைச் சொன்னவள் இங்கிலாந்தைச் சேர்ந்த வெனிஷியா பர்னி என்னும் பதினொரு வயதுச் சிறுமி. அவள் பெயரையே இக்கருவிக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

ஆளுக்கு ஆள் கை மாறும் வேலைக்கு உயிர்நாடி குறிப்பேடு. எந்தத் திருகாணியை எவ்வளவு இறுக்கினோம், எந்தச் சோதனையில் எந்த எண் வந்தது, எந்த முடிவை எதற்காக எடுத்தோம் என்பன எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். முடிவை எழுதுவோர் பலர். காரணத்தை எழுதுவோர் சிலர். காரணம் இல்லாத குறிப்பைப் படிக்கும் புதிய மாணவி, பழையவர்கள் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று எண்ணி மாற்றிவிடுவாள். பிறகு ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வருவார்கள்.

நம் கடலில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், எடுத்த எடுப்பில் தோணிகளை அனுப்பிவிடுவதில்லை. முதலில் பார்களைச் சோதித்து, மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்துப் பிளந்து, கிடைத்த முத்துக்களை மதிப்பிடுவார்கள். தேறாது என்று கண்டால் அவ்வாண்டு சலாபம் இல்லை. நம் தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்தது 1961-இல். விண்கலக் கருவிக்கும் இத்தகைய மாதிரிப் பார்வைகள் உண்டு. வரைபட நிலையில் ஒன்று, உலோகத்தை வெட்டுவதற்கு முன் ஒன்று, கருவியை ஒப்படைப்பதற்கு முன் ஒன்று என்று வெளியாட்கள் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். கேட்பவர்கள் வேறொரு கருவியைச் செய்து அனுபவப்பட்டவர்கள். நிறுத்துங்கள் என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு உண்மையிலேயே இருந்தால்தான் அந்தப் பார்வைக்குப் பயன். வாழ்த்துரையும் தேநீருமாக முடியும் கூட்டங்களால் ஒரு கருவியும் பிழைத்ததில்லை.

கருவியையும் ஒரே முறையில் செய்துவிடுவதில்லை. முதலில் மேசையில் பரப்பிப் பார்க்கும் மாதிரி. அடுத்து வருத்திப் பார்ப்பதற்கென்று ஒன்று. கடைசியில் பறக்கப் போவது. ராக்கெட்டின் குலுக்கலைப் போல அதிர்வு மேசையில் வைத்துக் குலுக்குவர். காற்றில்லாத கலத்தில் அடைத்து, சூடாக்கியும் குளிர வைத்தும் நாள்கணக்கில் ஓட்டுவர். கருவியைப் பொருத்தும் அறைக்குத் தூசி ஆகாது. தலைக்குத் துணி, கைக்கு உறை. முகப்பவுடர் கூடாது, மல்லிகைச் சரமும் கூடாது. நைலான் புடவை உரசலில் மின்சாரம் உண்டாக்கி நுண்ணிய மின் உறுப்புகளைக் கெடுத்துவிடும். ஆதலால் பருத்தி அங்கியும், தரையோடு இணைத்த மணிக்கட்டுப் பட்டையும் அணிந்தே உள்ளே போக வேண்டும். (பூவை வாசலில் கழற்றி வைக்கச் சொன்னால் நம் மாணவியரில் எத்தனை பேர் முகம் சுளிப்பர் என்று நமக்குத் தெரியும்.)

நாள்கணக்கில் ஓட்டுவர் என்றோம் அன்றோ? அந்த இடத்தில் பெற்றோரும் ஒரு கணம் நிற்க வேண்டும். அச்சோதனை நள்ளிரவிலும் ஓடும். யாராவது விழித்திருந்து எண்களைக் குறிக்க வேண்டும். மகளிர் விடுதியின் கதவு மாலையிலேயே சாத்தப்படும். இதற்கு என்ன ஏற்பாடு என்று திட்டத் தலைவர் முதல் ஆண்டிலேயே எழுத்தில் முடிவு செய்யாவிட்டால், இரவுப் பணி தானாக மாணவர்களுக்கே போய்விடும். கருவி எப்போது முரண்டு பிடிக்கும் என்பதை இரவில் கண்டவர்களே அறிவார்கள். பிறகு எந்தக் கேள்விக்கும் அவர்களையே அழைப்பர். மாணவியருக்கு அறிக்கை எழுதும் வேலை மிஞ்சும். யாரும் தீங்கு நினையாமலே இது நடந்துவிடும். துணைக்கு ஓர் ஆசிரியை, தங்க ஓர் அறை, திரும்ப ஒரு வாகனம் ஆகிய மூன்றும் திட்டச் செலவில் ஒரு வரியாக இருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

இது இயலாத காரியம் அன்று. திருவனந்தபுரத்தில் எல்.பி.எஸ். மகளிர் தொழில்நுட்பக் கல்லூரி மாணவியர் செய்த வீசாட் என்னும் கருவி 2024 ஜனவரி 1-ஆம் நாள் பி.எஸ்.எல்.வி.-சி58 ராக்கெட்டில் சென்றது. புற ஊதாக் கதிர்களை அளப்பது அதன் நோக்கம். அது தனிச் செயற்கைக்கோளாகப் பிரிந்து போகவில்லை. ராக்கெட்டின் நான்காம் அடுக்கு, வேலை முடிந்த பின்னும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும். அதையே ஓர் ஆய்வு மேடையாக்கிப் போயம் என்று பெயரிட்டிருக்கிறது இஸ்ரோ. மின்சாரமும் செய்தி அனுப்பும் வசதியும் மேடையில் கிடைப்பதால், கல்லூரி தன் கருவியை மட்டும் கவனித்தால் போதும். 2024 டிசம்பர் 30-இல் சென்ற நான்காவது மேடையில் 24 கருவிகள் இருந்தன; அவற்றுள் பத்து, கல்லூரிகளும் தனியார் நிறுவனங்களும் செய்தவை. இஸ்ரோவின் ஒரு பெட்டிக்குள் தட்டைப்பயறு முளைவிட்டதும் அம்மேடையில்தான்.

எல்லாம் சரியாகச் செய்தும் கைவிட்டுப் போவது உண்டு. நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் பங்கு கொண்ட ஆசாதிசாட், சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா என்னும் அமைப்பின் முயற்சியால் உருவாகி, 2022 ஆகஸ்டு 7-ஆம் நாள் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதற் பயணத்தில் சென்றது. மதுரையை அடுத்த திருமங்கலத்து அரசுப் பள்ளி மாணவியரும் அவர்களுள் உண்டு. இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது எழுந்த அதிர்ச்சியில் ராக்கெட்டின் உணர்கருவிகள் பழுதானவையாகக் கணிக்கப்பட்டன. வட்டப் பாதைக்குப் பதில், ஒரு முனையில் 356 கிலோமீட்டரும் மறுமுனையில் 76 கிலோமீட்டருமான பாதை அமைந்தது. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது, செயற்கைக்கோள் தங்காது. அந்த 750 பேரும் செய்ததில் குற்றம் இல்லை. ஆனால் திட்டத்தை நடத்தியவர்கள் அங்கே நின்றுவிடவில்லை. ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10-ஆம் நாள், ஆசாதிசாட்-2 அதே வகை ராக்கெட்டில் சென்று 450 கிலோமீட்டர் பாதையில் சேர்ந்தது. வரைபடமும் குறிப்பும் உதிரி உறுப்புகளும் கையில் இல்லாமல் ஆறு மாதத்தில் இது ஆகியிராது. ஒன்று போனால் மற்றொன்று செய்ய எவை வேண்டும் என்பதைப் போவதற்கு முன்பே எண்ணி வைப்பது, அபசகுனம் பேசுவது ஆகாது.

மேலே போன பின்பு வேலை முடிந்தது என்று எண்ணும் கல்லூரிகளும் உண்டு. முத்துக் குளிப்பவரின் கயிற்றைத் தோணியில் இருப்பவர் பிடித்திருப்பார். நம்பிக்கைக்கு உரியவரென்று மச்சானிடம்தான் அதைக் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். செயற்கைக்கோளுக்குத் தரை நிலையமே அந்த மச்சான். அது ஒரு நிலையத்தின் வானில் தென்படுவது ஒரு தடவைக்குப் பத்து நிமிட அளவே. அதற்குள் செய்தியை வாங்கி, கட்டளையைக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பத்து நிமிடம் விடியற்காலை மூன்று மணிக்கும் வரும், கிறிஸ்துமஸ் அன்றும் வரும். ஏவும் நாளில் கூடும் கூட்டம் ஓராண்டு கழித்து இராது. அப்போது தரை நிலையத்தில் உட்கார ஆளும் சம்பளமும் உண்டா என்பதைத் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.

குலசேகரன்பட்டினத்துத் தளம் 500 கிலோ வரை தூக்கும் சிறு ராக்கெட்டுகளுக்கானது. கல்லூரிக் கருவிகள் பெரும்பாலும் ஏறுவதற்கு ஏற்ற வண்டி அதுவே. ராக்கெட் ஏவும் வேளையில் கடலில் எல்லை குறித்து, படகுகள் அப்பக்கம் வராமல் தடுப்பது எந்த ஏவுதளத்திலும் உள்ள வழக்கம். ஆலந்தலை, மணப்பாடு, பெரியதாழை மீனவர்களுக்கு அது தொழிலற்ற நாள். காற்றோ மழையோ குறுக்கிட்டு ஏவுதல் தள்ளிப்போனால் மறுநாளும் தொழில் இல்லை. எந்தக் கரைக்கு, எத்தனை நாள் முன்பாக, யார் மூலம் செய்தி போய்ச் சேரும், இழந்த வலைநாளுக்கு என்ன ஈடு என்பவையும் அட்டவணையில் எழுதப்பட வேண்டிய வரிகளே. அதிர்வுச் சோதனைக்கு நாள் குறிக்கும் அதே தாளில் அவற்றுக்கும் இடம் இருக்கிறது.